பாட்டுக்காரர் இல்லாத மேளம்

ஒரு பேஸ் கிதார், ஒரு உறுமி, ஒரு தவில், ரெண்டு தப்பு. "எங்க பேண்டு இவ்வளவுதாண்ணே" என்று உப்பிலியபுரத்தில் ஐந்து பையன்கள் திருவிழாக் கமிட்டிக்காரர் ஒருவரிடம் போய் நிற்பதாக வைத்துக்கொள்வோம். அவர் என்ன கேட்பார் என்று நமக்கே தெரியும். "சரி தம்பி, பாட்டு யாரு?" பாட ஆள் இல்லை என்றால், "கீபோர்டாச்சும் இருக்கா?" அதுவும் இல்லை என்றால், "அப்ப மேளம்னு சொல்லு. பேண்டுங்குற?" கோபமாகச் சொல்ல மாட்டார். தொகையைக் குறைத்துச் சொல்வார், அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை அந்தக் குறைப்பைப் பற்றியது. பேண்டு என்றால் ஒரு கூலி, மேளம் என்றால் இன்னொரு கூலி. பேண்டு மேடையில் நிற்கும், மேளம் சாமிக்கு முன்னால் நடந்துகொண்டே போகும். கமிட்டிக்காரரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. இசையைப் பற்றி எழுதுகிற நாமும் அதே கணக்கைத்தான் போடுகிறோம். பாட்டைப் பற்றிப் பத்துப் பத்தி எழுதிவிட்டு, தாளத்துக்குக் கடைசியில் ஒரு வரி: "பக்கவாத்தியம் பக்கபலமாக இருந்தது." பக்கவாத்தியம் மட்டுமே இருக்கிற கச்சேரியைப் பற்றி எழுத வந்தால் நம் கையில் சொல்லே இருப்பதில்லை. பேஸும் தாளமும் மட்டும் வைத்து ஒரு பேண்டு ஆரம்பிக்க முடியுமா என்ற கேள்வி எனக்கு இந்தச் சொல் பஞ்சத்திலிருந்துதான் முக்கியமாகப் படுகிறது.

1

மேற்கே இப்படிப்பட்ட பேண்டுகள் புதிதல்ல. 2001-ல் டொராண்டோவில் தொடங்கிய டெத் ஃப்ரம் அபோவ் 1979 இரண்டே பேர். ஜெஸ்ஸி கீலர் பேஸ், செபாஸ்டியன் கிரேஞ்சர் டிரம்ஸ், பாட்டும் அவரே. இங்கிலாந்தின் ராயல் பிளட் குழுவும் அப்படியே: மைக் கெர் பேஸ் வாசித்துக்கொண்டே பாடுகிறார், பென் தாட்சர் டிரம்ஸ். 2014-ல் வந்த இவர்களுடைய முதல் ஆல்பம் பிரிட்டனில் விற்பனைப் பட்டியலின் முதலிடத்துக்குப் போனது. கேட்டுப் பாருங்கள். இதில் கிதாரே இல்லை என்று யாராவது சொன்னால்தான் தெரியும். கெர் தன் பேஸிலிருந்து வரும் சிக்னலைப் பிரித்து, ஒரு பங்கைப் பெடல் மூலம் ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி, கிதாருக்கான ஆம்ப்ளிஃபையர் வழியாக விடுகிறார். ஆள் ஒருவர்தான், சத்தம் மூன்று பேருடையது. சாமர்த்தியம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இல்லாத கிதாரை இருப்பதுபோலக் காட்டுகிற சாமர்த்தியம் அது. பேஸ் தன்னுடைய குரலில் பேசுவதற்குப் பதில் மாறுவேஷம் போட்டுக்கொள்கிறது.

அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் 1994-ல் உருவான லைட்னிங் போல்ட் இன்னும் முரட்டுத்தனமான குழு. பிரையன் கிப்சன் தன் பேஸைச் செல்லோவைப்போல ஐந்தாம் சுர இடைவெளிகளில் சுருதி சேர்த்து, உச்சத் தந்திக்குப் பாஞ்சோக் கம்பியைப் போட்டுக்கொண்டார். இவர்கள் பல ஆண்டுகள் மேடையில் ஏற மறுத்தார்கள். தரையில், கூட்டத்தின் நடுவில், சுற்றிலும் ஜனம் நெருக்கியடிக்க வாசித்தார்கள். நம் ஊர்த் தெருவில் மேளக்காரர்கள் நிற்கிற இடம் அதுதான். அங்கே அது கலகம் என்று எழுதப்பட்டது. இங்கே அது வழக்கம் என்பதால் யாரும் எழுதுவதில்லை.

இவர்கள் எல்லோரும் காலியிடத்தை நிரப்பப் பார்த்தவர்கள். வேறொரு வழி ஜமைக்காவில் நடந்தது. கிங்ஸ்டனில் மின்சாதனங்கள் பழுதுபார்த்துக்கொண்டிருந்த கிங் டப்பி, எழுபதுகளின் தொடக்கத்தில், பதிவான பாட்டிலிருந்து குரலை இறக்கிவிட்டு பேஸையும் டிரம்ஸையும் மட்டும் ஓடவிட்டார். குரல் ஒரு கணம் எட்டிப் பார்க்கும், எதிரொலியில் கரையும், காணாமல் போகும். கேட்கிறவர் மனசுக்குள் பாட்டைத் தானே பாடிக்கொள்வார். டப் என்ற இசைவகை அப்படிப் பிறந்தது. ஸ்லை டன்பார், ராபி ஷேக்ஸ்பியர் என்ற டிரம்ஸ் - பேஸ் இரட்டையர் அந்த மண்ணிலிருந்துதான் வந்தார்கள். இது ஓட்டையை அடைக்காமல் ஓட்டையாகவே விட்டுவைக்கிற வழி.

ஆக, நிரப்புவது ஒன்று, விட்டுவைப்பது இன்னொன்று. இரண்டிலும் ஒரு பொதுவான எண்ணம் இருக்கிறது: பாட்டு என்று ஒன்று இருந்தது, அது இப்போது இல்லை. நம் பக்கத்துத் தோல்கருவிகளைக் கவனித்தால் மூன்றாவதாக ஒரு வழி தெரியும். அதற்குத் திருச்சிக்கு வர வேண்டும்.

2

பேஸ் என்றதும் நான்கு கம்பிகள் போட்ட கிதார் நினைவுக்கு வருவது இயல்பு. தமிழ்க் காதுக்கு அந்தக் கருவியைப் பழக்கியது சினிமா, முக்கியமாக இளையராஜா. அவர் பாடல்களில் பேஸ் கிதார் குரலுக்குப் பின்னால் நடக்காமல் பக்கத்திலேயே தனி வழியில் நடக்கும். ஹெட்ஃபோனில் அந்த நடையை மட்டும் பின்தொடர்ந்து கேட்கிற ரசிகர்கள் இங்கே ஏராளம். ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பே நம் பேஸ் வேறொரு இடத்தில் குடியிருந்தது. தோலுக்குள்.

மிருதங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வலந்தலையில் கருப்புச் சோறு நிரந்தரமாக அப்பியிருக்கும், அதுதான் சுருதியோடு சேர்கிற முகம். இடது பக்கம் தொப்பி. கச்சேரிக்குச் சற்றுமுன் ரவையைத் தண்ணீரில் குழைத்துத் தொப்பியின் நடுவில் அப்புவார்கள், முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். அந்த ஈர ரவையின் கனம்தான் தோலின் ஒலியைக் கீழே இழுக்கிறது. அது காயக் காய ஒலி மேலே ஏறும், வாசிப்பவர் நடுவில் கொஞ்சம் தண்ணீர் தொட்டு வைப்பார். தொப்பியை அடித்துவிட்டு, உள்ளங்கையின் அடிப்பகுதியால் தோலை அழுத்தி நகர்த்தும்போது ஒலி வளைந்து ஏறும். கும்கி என்று சொல்வது அதைத்தான். ஒரு மேளம் சுரம் விட்டுச் சுரம் வழுக்குகிற இடம் அது. தாளம் கமகம் பாடுகிறது என்று சொன்னால் மிகையில்லை.

இந்தக் கீழ்க்குரலைத் தேடித் தேடி வளர்த்த பள்ளி ஒன்று நம் பக்கத்தில் இருக்கிறது, புதுக்கோட்டைப் பாணி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மான்பூண்டியா பிள்ளை கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். அவர் லயம் கற்றது தவில்காரரிடம் என்பதை இந்த இடத்தில் நினைவில் வைப்பது நல்லது. ஒரு சாண் அகலத்து வளையம், ஒரே ஒரு தோல், அடிக்க ஒரு கை. பிடித்திருக்கிற கையின் விரல்கள் தோலை ஓரத்தில் அழுத்தி, ஒலியை வளைக்கும். அடிக்கும் முன் உட்புறம் தண்ணீர் தெளித்துத் தோலைத் தளர்த்தினால்தான் அந்த ஆழம் வரும். பரம்பரையாக உடும்புத் தோல் போட்டார்கள், 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு அது குற்றம். இப்போது ஆட்டுத்தோலும் செயற்கைத் தோலும் வந்திருக்கின்றன. கைக்கு அடக்கமான அந்தக் கருவியிலிருந்து வருகிற கீழ்த்தொனியை முதல்முறை நேரில் கேட்கிறவர்கள், அது எங்கிருந்து வருகிறது என்று தேடுவார்கள்.

அந்தப் பாணியில் வந்தவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை. அவர் இடதுகைப் பழக்கம் உள்ளவர். தொப்பியின் நாதத்துக்கென்றே அவரைச் சொல்வார்கள். அவருடைய சீடர் லால்குடி பக்கத்துப் பூவாளூரைச் சேர்ந்த திருச்சி சங்கரன். 1971-ல் கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பல பத்தாண்டுகள் அங்கே லயம் கற்றுக்கொடுத்தார். பின்னால் டெத் ஃப்ரம் அபோவ் 1979 முளைத்த அதே டொராண்டோவில்தான் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அந்தப் பையன்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் பேஸைப் பெடலில் தேடிக்கொண்டிருந்த ஊரில், அதை உள்ளங்கையில் வைத்திருந்த ஒருவர் இருந்தார் என்பது எனக்குப் பிடித்த தற்செயல்.

கடமும் இதே கதைதான். மானாமதுரை மண்ணில் செய்த பானையின் வாயை வயிற்றோடு சேர்த்தும் விலக்கியும் வாசிக்கும்போது உள்ளேயிருக்கும் காற்று ஆழமான ஒலியைத் தரும். விக்கு விநாயகராம் பங்கேற்ற, மிக்கி ஹார்ட்டின் 'பிளானட் டிரம்' 1991-ல் வந்தது. பெரும்பாலும் தாளக் கருவிகளாலேயே ஆன ஆல்பம். உலக இசைக்கென்று கிராமி விருது முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அதை வாங்கியது அந்த ஆல்பம்தான். பாட்டு எங்கே என்று அங்கே யாரும் தொகையைக் குறைக்கவில்லை.

மூன்றாவது வழி என்று சொன்னது இதைத்தான். இந்தத் தோலுக்கும் மண்ணுக்கும் ஏற்கெனவே ஒரு குரல் இருக்கிறது. அது கீழே இருக்கிறது, நகர்கிறது. அதற்குமேல் ஒரு மெட்டு தேவையா என்பது கலைஞரின் விருப்பம். கட்டாயம் அல்ல.

3

அப்படியானால் நம் சபாக்களில் தாளம் மட்டும் கொண்ட கச்சேரி செழித்திருக்க வேண்டுமே? தாளவாத்தியக் கச்சேரி என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. மிருதங்கம், கடம், கஞ்சிரா, மோர்சிங், கொன்னக்கோல் எல்லாம் உண்டு. ஸ்ரீரங்கம் கண்ணன் போன்ற மோர்சிங் வித்வான்கள் வந்த மண் நம்முடையது. இருந்தும் பெரும்பாலான தாளவாத்தியக் கச்சேரிகள் எனக்கு ரேஷன் கடை வரிசையை நினைவுபடுத்துகின்றன. முதலில் இவர் வாசிப்பார், அப்புறம் அவர், அப்புறம் இன்னொருவர். சுற்று சுருங்கிக்கொண்டே வரும். ஒருவர் ஐந்தில் போட்டால் அடுத்தவர் ஏழில் போடுவார். கடைசியில் எல்லோரும் சேர்ந்து மோராவும் கோர்வையும். கைத்தட்டல். கணக்கு சரியாக வந்துவிட்டது என்பதற்கான கைத்தட்டல் அது.

இதில் குறை திறமையில் இல்லை, அமைப்பில் இருக்கிறது. தனி ஆவர்த்தனம் என்பது பாட்டுக் கச்சேரியின் நடுவில் தாளக்காரருக்குக் கொடுக்கப்படும் பத்துப் பதினைந்து நிமிடம். அதற்குள் தன் வித்தை முழுவதையும் காட்டியாக வேண்டும், காரணம் அவ்வளவுதான் நேரம். கூட்டத்தில் பாதிப் பேர் கேண்டீனுக்கு எழுந்து போகிற நேரமும் அதுதான். அந்த நெருக்கடியில் உருவான ஒரு வடிவத்தை அப்படியே இரண்டு மணி நேரத்துக்கு இழுத்தால் தாளவாத்தியக் கச்சேரி வந்துவிடுகிறது. ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் கைகட்டித் தாளம் போடுகிறார்கள். இரண்டு கருவிகள் சேர்ந்து ஒரு ஒலியை உண்டாக்குகிற நேரம் மிகக் குறைவு. கீழ்க்குரலுக்கு வேலையே இல்லை, காரணம் கணக்கு மேல்முகத்தின் சொற்கட்டில் தெளிவாகக் கேட்கும், தொப்பியில் கேட்காது. விரல் ஓடுகிறது, நாதம் பின்னால் நிற்கிறது.

சபாவின் மரியாதைக் கணக்கையும் பார்க்கலாம். மியூசிக் அகாடமி 1942-ல் சங்கீத கலாநிதிப் பட்டத்தைத் தொடங்கியது. ஒரு மிருதங்கக் கலைஞருக்கு அது முதன்முதலாகக் கிடைத்தது 1966-ல், பாலக்காடு மணி ஐயருக்கு. திருச்சி சங்கரனுக்கு 2011-ல். இடையே எத்தனை பாடகர்கள் என்று எண்ண வேண்டியதில்லை. மேடையில் யார் நடுவில், யார் பக்கத்தில் என்பதை இந்த ஆண்டுகளே சொல்கின்றன.

தோல் என்பதால் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. மிருதங்கத்துக்கு மாடு, ஆடு, எருமை மூன்றின் தோலும் வேண்டும். அதைப் பதப்படுத்தி, வார் பிடித்து, நாதம் வரச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். டி.எம்.கிருஷ்ணா அவர்களைப் பற்றி எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' 2020-ல் வந்தபோது, வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்திருந்த அனுமதியைக் கலாக்ஷேத்ரா திரும்பப் பெற்றுக்கொண்டது. விழா வேறு இடத்தில் நடந்தது. தோலின் ஒலி வேண்டும், தோலைப் பற்றிய பேச்சு வேண்டாம். கமிட்டிக்காரரின் "அப்ப மேளம்னு சொல்லு" என்பதற்கும் இதற்கும் ஒரே வேர்தான் என்று நினைக்கிறேன்.

4

சபாவை விட்டு வெளியே வந்தால், பேஸும் தாளமும் மட்டுமே கொண்ட இசை தமிழர்களிடம் ஏற்கெனவே உயிரோடு இருக்கிறது. அதன் பெயர் உறுமி.

உறுமிக்கு இரண்டு முகம். ஒன்றைக் குச்சியால் அடிப்பார்கள். மற்றதை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில் எழுவதுதான் உறுமல். அடித்த ஒலி பிறந்ததும் சாகும். தேய்த்த ஒலி நீளும், ஏறும், இறங்கும். வில் போட்டு வாசிக்கிற டபுள் பேஸ் என்று சொன்னால் வெளியூர்க்காரருக்குப் புரியும். நமக்கு அந்த உவமை தேவையில்லை. பூம்பூம் மாட்டுக்காரர் தெருமுனையில் வரும்போதே வயிற்றுக்குள் ஒன்று உருளுமே, அதுதான்.

இராஜகம்பள நாயக்கர் சமூகத்தினரின் தேவராட்டத்தைப் பாருங்கள். உறுமி இனத்தைச் சேர்ந்த தேவதுந்துபிக்கு ஆடுகிற ஆட்டம் அது. பாட்டுக் கிடையாது. கருவி சொல்வதை உடம்பு செய்கிறது. பாட்டு இல்லையே என்று அங்கே யாருக்கும் தோன்றுவதில்லை, காரணம் அந்த ஆட்டத்தில் பாட்டுக்கென்று ஒரு காலியிடமே விடப்படவில்லை. பேஸ் - தாள பேண்டு ஆரம்பிக்கிறவர்கள் முதலில் கற்க வேண்டியது இதுதான்: காலியிடம் தெரியாதபடி கட்டுவது.

கடல் தாண்டியும் இது போனது. மலேசியாவின் தோட்டப்புறங்களில் வேர்விட்ட உறுமி மேளம் இன்று பெயரும் சீருடையும் போட்டியும் கொண்ட இளைஞர் குழுக்களாக இருக்கிறது. தைப்பூசத்தில் காவடிக்கு முன்னால் அவர்கள் வாசிக்கும்போது உறுமி முன்னால் நிற்கும், தப்பும் தவிலும் அதைச் சுற்றி. யாராவது பாடலாம், பாடாமலும் போகலாம். அவர்கள் தங்களைப் பேண்டு என்று அழைத்துக்கொள்ள யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

சிங்கப்பூரில் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. 1973 முதல் அங்கே தைப்பூச ஊர்வலத்தில் வாத்தியம் வாசிக்கத் தடை இருந்தது. 2015 தைப்பூசத்தன்று மேளம் தொடர்பாக எழுந்த தகராறில் மூன்று பேர் கைதானார்கள். அதே ஆண்டு தடையை எதிர்த்து மூவர் தொடுத்த மனுவை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2016-ல் ஊர்வலப் பாதையின் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு அனுமதி வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலான தடை. அதன் சரி தவறு தனி விவாதம். என் கவனம் வேறு இடத்தில்: மேளத்தின் பலத்தை ஒரு அரசாங்கம் இவ்வளவு தீவிரமாக எடுத்துக்கொண்டிருக்கிறது. நம் விமர்சகர்கள் அதில் பாதி அளவுகூட எடுத்துக்கொள்ளவில்லை.

தமிழ்நாட்டிலும் அசைவு இருக்கிறது. 2018 ஜனவரியில் சென்னையில் கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் மேடையேறியபோது பறையும் சட்டியும் கிதாரோடு ஒரே மேடையில், ஒரே உயரத்தில் நின்றன. 2025-ல் பறைக்கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இரண்டும் பெரிய விஷயம். ஆனால் கேஸ்ட்லெஸ் கலெக்டிவின் அரசியலைப் பெரிதும் சுமந்தது பாட்டின் சொல். அது அவர்கள் தேர்வு, அந்த நேரத்துக்குச் சொல் தேவைப்பட்டது. அடுத்த கேள்வி மிச்சமிருக்கிறது. சொல் இல்லாமல், தோலும் பேஸும் மட்டும் ஒரு மாலைப்பொழுதைச் சுமக்க முடியுமா?

5

உப்பிலியபுரத்தைச் சும்மா உதாரணத்துக்கு இழுக்கவில்லை. திருச்சியிலிருந்து துறையூர் தாண்டிப் போனால், பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் நடுவில், புளியஞ்சோலைக்குப் போகிற வழியில் இருக்கிற ஊர். இந்தப் பக்கத்துத் திருவிழாக்களின் ஒலியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

கம்பத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியில் பாட்டு ஓடும். கூம்பின் இயல்பு என்னவென்றால், அது நடுத்தர ஒலிகளை வெகுதூரம் கொண்டுபோகும், கீழ்த்தொனியைக் கொண்டுபோகாது. அதனால் அம்மன் பாட்டும் சினிமாப் பாட்டும் நாலு ஊருக்குக் கேட்கும், அவற்றின் பேஸ் கம்பத்தடியிலேயே நின்றுவிடும். அந்தக் காலம் முழுக்க, ஊரில் வயிற்றைத் தொடுகிற ஒலி எங்கிருந்து வந்தது? தெருவில் நடந்து வந்த மேளத்திலிருந்து. மெட்டு மின்சாரத்தில் வந்தது, பேஸ் மனிதர்களிடமிருந்து வந்தது. ஊர் அறியாமலேயே இரண்டையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

இப்போது ஆளுயரப் பெட்டிகள் லாரியில் வந்து இறங்குகின்றன. பேஸும் மின்சாரத்துக்குப் போய்விட்டது. இன்னொரு பக்கம் கேரளத்துச் செண்டை மேளம் தமிழ்நாட்டுக் கல்யாணத்துக்கும் கும்பாபிஷேகத்துக்கும் வருவது சகஜமாகிவிட்டது. செண்டைமீது எனக்கு வருத்தம் இல்லை, அது மகத்தான கூட்டிசை. ஆனால் செண்டைக்குப் பேண்டு தொகையும் உள்ளூர் உறுமிக்கு மேளத் தொகையும் பேசப்படும்போது, பிரச்சினை ஒலியில் இல்லை என்பது தெரிந்துவிடுகிறது.

கைப்பேசியும் இதில் சேர்கிறது. உறுமி மேள வீடியோக்களை லட்சக்கணக்கில் பார்க்கிறோம், கட்டைவிரல் நகத்தளவு ஸ்பீக்கரில். பேஸ் கிதாரின் திறந்த அடித்தந்தி நொடிக்கு சுமார் 41 அதிர்வு. அந்தச் சின்ன ஸ்பீக்கர் அதைத் தொடக்கூட முடியாது. மேலே எழும் துணையொலிகளை வைத்துக் காது அடித்தொனியைத் தானாக ஊகித்துக்கொள்கிறது. ஊகம் காதோடு நிற்கும், நெஞ்சுக்கூடு வரை வராது. இந்த இசையை நேரில் கேட்காமல் மதிப்பிடுவது சாப்பாட்டை மெனு கார்டில் மதிப்பிடுவது மாதிரி. பேஸும் தாளமும் கொண்ட குழு நேரடிக் குழுவாகவே இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம்.

6

சரி, ஆரம்பிக்கலாம் என்கிற ஐந்து பேருக்கு என்ன சொல்வது? சில நடைமுறைச் சிக்கல்களும், அவற்றுக்குள்ளேயே இருக்கிற அழகியலும்.

முதல் சிக்கல் கூட்ட நெரிசல். பேஸ் கிதார், உறுமி, தவிலின் தொப்பி, தப்பில் கனத்த அடிக்குச்சியின் அடி, எல்லாம் கீழ்ப்பக்கம் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். நான்கும் ஒரே நேரத்தில் ஒலித்தால் சேறுதான் மிஞ்சும். பழைய மேளம் இதை நேரத்தால் பிரித்துத் தீர்த்தது: தவில் அடிக்கும், அடிக்கும் அடிக்கும் நடுவே உறுமி நீளும், தப்பின் சிண்டுக்குச்சி மேலே சொடுக்கும். பேஸ் கிதார்க்காரர் இந்த ஏற்பாட்டுக்குள் புதுமாப்பிள்ளை. குறைவாகப் பேச வேண்டும். சினிமாவில் கற்ற ஓடியாடும் நடையை இங்கே கொண்டுவந்தால், அது இல்லாத பாடகரைத் தேடி அலையும்.

இரண்டாவது, சுருதி. தப்பைத் தீயில் காய்ச்சினால் தோல் இறுகி ஒலி ஏறும், சூடு ஆறினால் தொய்யும். கஞ்சிரா ஈரத்தில் இறங்கும், காய்ந்தால் ஏறும். தோல் கருவிகள் ஒரு மாலை முழுக்க நகர்ந்துகொண்டே இருக்கும். கட்டை போட்ட பேஸ் மட்டும் அசையாமல் நிற்கும். கட்டை இல்லாத பேஸ் இருந்தால் வழுக்கிப் போய்ச் சேரலாம். இல்லையென்றால், தோல் எங்கே இருக்கிறது என்று காதால் பார்த்துத் தந்தியை முறுக்க வேண்டும். டியூனர் காட்டுகிற பச்சை விளக்கைவிடத் தீயருகே நிற்கிற அண்ணனின் காது இங்கே நம்பகமானது.

மூன்றாவது, அடங்குவது. ஐந்து பேரும் சத்தமாக வாசிக்க ஒரு வாரம் போதும். ஐந்து பேரும் சேர்ந்து மெதுவாக வாசிக்க ஒரு வருஷம் ஆகலாம். உறுமி தனியாக, கேட்டும் கேட்காமலும் முனகுகிற இரண்டு நிமிடத்தைக் கூட்டத்தின் நடுவில் தாங்கிக்கொள்கிற குழுவைத்தான் நான் பேண்டு என்பேன்.

விமர்சனம் எழுதுகிறவர்களும் இதிலிருந்தே சொற்களை எடுத்துக்கொள்ளலாம். கீழ்க்குரல் நின்றதா, நகர்ந்ததா? யார் யாருக்கு இடம் விட்டார்கள்? சத்தம் எப்போது குறைந்தது, குறைந்தபோது கூட்டம் என்ன செய்தது? முடிவு கணக்கால் வந்ததா, மூச்சால் வந்ததா? இந்த நான்கு கேள்விகளுக்குப் பதில் எழுதினாலே "பக்கபலமாக இருந்தது" என்ற வரியிலிருந்து நமக்கு விடுதலை. நாம் இப்படி எழுத ஆரம்பித்தால் கமிட்டிக்காரர் நாளைக்கே தொகையை ஏற்றிவிடுவார் என்றெல்லாம் சொல்லவில்லை. ஆனால் ஒரு கலைக்குத் தன்னைப் பற்றிப் பேசச் சொற்கள் கிடைத்துவிட்டால், அதை வாசிக்கிற பையன் தொகை பேசும்போது குனிந்து நிற்க மாட்டான். அதற்குத்தானே எழுதுவது.

ஆரம்பிக்கிறவர்களுக்கு ஒரு சின்ன யோசனை. முதல் ஒத்திகையில் பேஸ் கிதாரை உறையிலிருந்து எடுக்க வேண்டாம். உள்ளூரில் உறுமி வாசிக்கிற பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு, உரிய சம்பளம் கொடுத்து, ஒரு மணி நேரம் தேய்க்கச் சொல்லுங்கள். தேய்க்கிற முகத்தின் பக்கமாக உட்கார்ந்துகொள்ளுங்கள். குச்சி தோலில் எங்கே அழுந்துகிறது, எங்கே விடுகிறது, அவர் மூச்சு எப்போது மாறுகிறது என்று பாருங்கள். கிதாரை இரண்டாவது நாள் எடுக்கலாம்.